சிமென்ட் பர்மிட்டும் ராஜாஜியும்

ராஜாஜி பெயரை எடுத்தாலே இரண்டு பேச்சுதான் காதில் விழுகிறது. குலக்கல்வி கொண்டுவந்தவர் என்பது ஒன்று. மகாராஜாக்களுக்கும் முதலாளிகளுக்கும் சுதந்திரா கட்சி நடத்தியவர் என்பது இன்னொன்று. முதலாவதில் நியாயம் இருக்கிறது, அதற்குப் பின்னால் வருகிறேன். இரண்டாவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவர் எதை எதிர்த்தாரோ அதை எங்கள் கடை வாசலில் கண்ணால் பார்த்து வளர்ந்தவன் நான்.

மன்னார்குடியில் பந்தலடிக்குப் பக்கத்தில் அப்பா இரும்புக் கடை வைத்திருந்தார். ஆணி, கீல், மண்வெட்டி, பெயின்ட், அதோடு சிமென்ட். எழுபதுகளில் சிமென்ட் விற்பது என்பது இன்றைக்கு இருப்பதுபோல அல்ல. வீடு கட்டுகிறவர் கடைக்கு வந்து காசு கொடுத்து வாங்கிவிட முடியாது. முதலில் தாலுகா ஆபீசில் மனு. எதற்குக் கட்டுகிறீர்கள், எத்தனை அடி, எத்தனை மூட்டை என்று எழுத வேண்டும். ஒருவர் வந்து இடத்தைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். பிறகு பர்மிட். அதில் எந்தக் கடையில், எத்தனை மூட்டை, எந்தத் தேதிக்குள் என்று இருக்கும். அந்தத் தேதிக்குள் எங்கள் கடைக்கு லாரி வந்திருக்க வேண்டும். வராவிட்டால் பர்மிட்டைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் தாலுகா ஆபீஸ்.

அன்றைக்குச் சிமென்ட் சணல் சாக்கில்தான் வரும். இறக்கும்போதே பாதி புழுதி தரையில் கொட்டும். அதைத் துடைப்பத்தால் கூட்டி, சல்லடையில் சலித்து, பொட்டலம் கட்டி வாங்கிப்போக ஆள் இருந்தார்கள். காலிச் சாக்கைக்கூடச் சும்மா விட மாட்டார்கள். திருப்பிப்போட்டு, கழியால் தட்டி, உதிர்வதை முறத்தில் பிடிப்பார்கள். அடுப்பு மேடை பூசவும், அம்மி பதிக்கவும், ஒழுகும் தொட்டியை அடைக்கவும் அதுதான். பர்மிட் வாங்கத் தெம்பில்லாதவர்களுக்குக் கிடைத்த சிமென்ட் அது.

வடுவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயி அப்பாவிடம் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது.

“மொதலாளி, இருபது மூட்டை கேட்டு எழுதிப் போட்டேன். எட்டுக்குத்தான் கையெழுத்துப் போட்டிருக்காரு. எட்டு மூட்டைய வச்சு நான் சுவரக் கட்டுறதா, தரையப் போடுறதா?”

“என்ன கேட்டா? போட்டவரத்தான் போய்க் கேக்கணும்.”

“அவரக் கேக்குறதுக்கும் ஒரு ரேட்டு இருக்குதே மொதலாளி.”

அப்பா பதில் சொல்லவில்லை. எட்டு மூட்டையை எண்ணிக் கொடுத்து, ரிஜிஸ்டரில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். மீதிப் பன்னிரண்டையும் இரண்டு மடங்கு விலைக்குப் பிளாக்கில் கொடுக்கும் கடை அதே ஊரில் இருந்தது. அது அந்த விவசாயிக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும், கையெழுத்துப் போட்டவருக்கும் தெரியும்.

அப்பா எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. ஆனால் கல்கி இதழ் வந்ததும் ராஜாஜி எழுதியிருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற பக்கம் திருப்புவார். பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று ராஜாஜி பெயர் வைத்தது எதற்கு என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் கடைத் திண்ணையில் உட்கார்ந்தாலே விளங்கிவிடும்.

1951-இன் தொழில்கள் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டப்படி, பட்டியலில் உள்ள ஒரு தொழிலைத் தொடங்க வேண்டுமென்றாலும், இருக்கிற ஆலையைப் பெரிதாக்க வேண்டுமென்றாலும் டெல்லியில் லைசென்ஸ் வாங்க வேண்டும். 1955-இன் அத்தியாவசியப் பொருள்கள் சட்டம், எதை யார் எவ்வளவு இருப்பு வைக்கலாம், என்ன விலைக்கு விற்கலாம் என்று சொல்லும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. நோக்கம் நல்லதுதான். போர்க்காலப் பஞ்சத்தையும் பதுக்கலையும் பார்த்த தலைமுறை போட்ட சட்டங்கள் அவை. ஆனால் நடைமுறையில் என்ன ஆயிற்று? சிமென்ட் ஆலைக்காரர் விலையை ஏற்ற முடியாது, ஆகவே புது ஆலை கட்ட முதல் போட மாட்டார். ஆலை இல்லாததால் சரக்குப் பற்றாக்குறை. பற்றாக்குறை என்பதால் பங்கீடு. பங்கீடு என்பதால் கையெழுத்து. கையெழுத்துக்கு ஒரு விலை. அந்த விலை ஆலைக்காரருக்கும் போகாது, கடைக்காரருக்கும் போகாது, அரசுக் கஜானாவுக்கும் போகாது.

இது எதுவரை போகும் என்பதை 1982 ஜனவரியில் நாடே பார்த்தது. மகாராஷ்டிர முதலமைச்சர் அந்துலே, கட்டடம் கட்டுபவர்களுக்குக் கூடுதல் சிமென்ட் ஒதுக்க அறக்கட்டளைக்கு நன்கொடை வாங்கினார் என்று பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளிக்க, அவர் பதவி விலகினார். அதன்பிறகு வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. அடுத்த மாதமே சிமென்ட் கட்டுப்பாடு ஓரளவு தளர்ந்தது. மூன்றில் ஒரு பங்கைக் கம்பெனிகள் வெளிச்சந்தையில் விற்கலாம், மீதி லெவி, அதாவது அரசு சொன்ன விலைக்கு, அரசு ஒதுக்கும் இடத்துக்கு. 1989-இல் முழுவதும் போயிற்று. கட்டுப்பாடு போனதும் விலை வானத்துக்கு ஏறும் என்று சொன்னார்கள். ஆலைகள் வந்தன, சரக்கு வந்தது. எங்கள் கடையில் ரிஜிஸ்டரை மூடி வைத்தோம்.

ராஜாஜி இந்த முடிவுக்குப் புத்தகம் படித்து வரவில்லை, ஆட்சி நடத்தி வந்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1952-இல் சென்னை மாநிலத்துக்கு முதலமைச்சராக வந்தபோது, போர்க்காலத்திலிருந்து தொடர்ந்து வந்த உணவுக் கட்டுப்பாடு இன்னும் நடந்துகொண்டிருந்தது. ரேஷன் அட்டை, கொள்முதல், ஊருக்கு ஊர் சோதனை. வந்த சில மாதங்களிலேயே அதை எடுத்தார். பஞ்சம் வரும், வியாபாரி பதுக்குவான் என்று எதிர்த்தவர்கள் பலர். வியாபாரியையும் விவசாயியையும் நம்பினால் அரிசி தானாகச் சந்தைக்கு வரும் என்று அவர் நின்றார். வந்தது. எழுபத்து மூன்று வயதில் எடுத்த முடிவு அது.

பி.ஆர். ஷெனாய் என்ற பொருளாதார அறிஞர் 1955-இல், இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கான பொருளியலாளர் குழுவில் தன்னந்தனியாக மறுப்புக் குறிப்பு எழுதினார். கையில் இல்லாத பணத்தை அச்சடித்துத் திட்டம் போட்டால் விலைவாசி ஏறும், கட்டுப்பாடுகள் பெருகும் என்றார். ஐரோப்பாவில் ஹாயெக் என்ற பொருளியலாளர் அதற்குப் பத்தாண்டு முன்னாலிருந்தே, திட்டமிடும் அரசு கடைசியில் மனிதனின் எல்லாத் தேர்வையும் தன் கையில் எடுத்துக்கொள்ளும் என்று எழுதிக்கொண்டிருந்தார். பின்னால் மார்கரெட் தாட்சர் பிரிட்டனில் ஆட்சிக்கு வந்தபோது வேதம்போலப் பிடித்துக்கொண்டது அந்த ஹாயெக்கைத்தான். ஆனால் ராஜாஜியை அந்த வரிசையில் அப்படியே உட்கார வைக்க முடியாது. தாம் ஏன் பழமைவாதி அல்ல என்று 1960-இல் ஒரு கட்டுரையே எழுதியவர் ஹாயெக். ராஜாஜியோ முதலில் பழமைவாதி, அதற்குப் பிறகுதான் சந்தைக்காரர்.

பழமைவாதி என்றால் இருப்பதை அசையாமல் வைத்திருப்பவர் என்று நினைப்பது தவறு. தஞ்சாவூர்க்காரனான எனக்கு இதில் ஒரு நேரடிச் சாட்சி உண்டு. அதே 1952-இல் அவர் அரசு தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மிராசுதார் நினைத்தபோது குத்தகைதாரரை வெளியேற்ற முடியாது, விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்காவது உழுதவருக்குக் கிடைக்க வேண்டும், பண்ணையாளுக்குக் கூலி இவ்வளவு என்றெல்லாம் விதித்தது. எங்கள் பகுதி மிராசுதார்கள் கொதித்தார்கள். அதற்கு முன்பே, 1938-இல், விவசாயிகளின் கடன் சுமையைக் குறைக்கும் சட்டம் போட்டவரும் அவர்தான். சுத்தமான சந்தைத் தத்துவம் பேசுகிறவர் இரண்டையும் செய்ய மாட்டார். சொத்து இருக்கட்டும், ஆனால் சொத்துக்காரனுக்குக் கடமை உண்டு, அவன் அதை மறந்தால் நினைவூட்டச் சட்டம் உண்டு என்பது ராஜாஜியின் நிலைப்பாடு. பின்னால் அவர் தொடங்கிய சுதந்திரா கட்சியின் அடிப்படைக் கொள்கைகளில் காந்தியின் தர்மகர்த்தா முறையும், அதாவது சொத்துக்காரன் சொத்தை ஊருக்காகக் காப்பவனாக நடக்க வேண்டும் என்பதும், ஒன்றாக எழுதப்பட்டிருந்தது. திருச்செங்கோட்டு ஆசிரமத்தில் கதர் நூற்று, கள்ளுக்கடைக்கு எதிராக ஊர் ஊராக அலைந்த மனிதருக்கு அது ஒப்புக்கு எழுதியதாக இருக்க முடியாது.

மதுவிலக்கு விஷயத்தைப் பாருங்கள். 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். கள், சாராய வருமானத்தை அரசு இழந்தது. அந்தப் பள்ளத்தை நிரப்ப 1939-இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இந்தியாவிலேயே அதுதான் முதல். கடைக்காரர்களுக்கு அவர்மேல் அன்றைக்குக் கோபம், அது எனக்குப் புரிகிறது. இன்று ஜிஎஸ்டி கட்டும் நான் அந்த வரியின் பேரப்பிள்ளையைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் அந்தக் கணக்கை நான் மதிக்கிறேன். ஏழையின் குடியிலிருந்து வரும் காசு வேண்டாம், எல்லாருக்கும் பொதுவாக, வெளிப்படையாக, இவ்வளவு என்று சொல்லி வரி வாங்குவோம் என்பது நேர்மையான அரசின் வழி. வரி வேறு, பர்மிட் வேறு. வரியைக் கட்டிவிட்டால் நான் யாருக்கும் கும்பிடு போட வேண்டாம்.

1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ், கூட்டுறவுக் கூட்டுப்பண்ணை விவசாயத்தை நாட்டின் லட்சியமாக அறிவித்தது. அதுதான் தீப்பொறி. நிலத்தின்மேல் உரிமை போய்விடுமோ என்று விவசாயிகள் பயந்தார்கள். குண்டூர்ப் பக்கத்து விவசாயத் தலைவர் என்.ஜி. ரங்கா, பம்பாயின் மினு மசானி, கே.எம். முன்ஷி எல்லாம் ராஜாஜியோடு சேர, ஜூனில் சென்னையில் சுதந்திரா கட்சி பிறந்தது. கொடியில் நட்சத்திரம். அப்போது ராஜாஜிக்கு எண்பது வயது. கவர்னர் ஜெனரலாக இருந்து ஓய்ந்த மனிதர் பஸ்லுல்லா சாலை வீட்டில் பேரப்பிள்ளைகளோடு இருந்திருக்கலாம். அவர் பழைய சிநேகிதர் நேருவை எதிர்த்து நாடு முழுவதும் ரயிலேறினார்.

அந்தக் கட்சியில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. அடிப்படைக் கொள்கைகளைத் தவிர மற்ற விஷயங்களில் உறுப்பினர்கள் தங்கள் மனப்படி பேசலாம், வாக்களிக்கலாம். இன்று எந்தக் கட்சியில் இதைக் கேட்க முடியும்?

1962-இல் மக்களவையில் 18 இடம். 1967-இல் 44 இடம், காங்கிரசுக்கு அடுத்த பெரிய கட்சி. ஒரிசாவில் ஆர்.என். சிங் தேவ் முதலமைச்சரே ஆனார். நாடு எங்கேயோ போயிருக்கக்கூடிய ஒரு தருணம் அது. ஆனால் யாரை வைத்து வளர்ந்தார்கள்? ஜெய்ப்பூர் மகாராணி, ராம்கட் ராஜா, சிங் தேவும் ஒரு சமஸ்தானத்துக்காரர், பம்பாய்த் தொழிலதிபர்கள். ஆளும் பேரும் பணமும் அங்கே தயாராகக் கிடைத்தது. எட்டு மூட்டைப் பர்மிட்டோடு எங்கள் கடைக்கு வந்தவரிடம் கட்சி வரவேயில்லை. 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்றார்கள். நாலு தலைமுறையாக 22 காரட்டில் தாலி செய்த பத்தர்கள் உலையை அணைத்துவிட்டுக் கூலி வேலைக்குப் போனார்கள். எங்கள் தெருவில் ஒரு குடும்பம் பட்டறைச் சாமான்களை விற்றுவிட்டு இட்லிக் கடை போட்டது. காரட் விதி சில ஆண்டுகளில் தளர்ந்தது, ஆனால் கட்டுப்பாட்டுச் சட்டமே ஒழிந்தது 1990-இல்தான். சந்தைச் சுதந்திரம் என்றால் என்ன என்று அந்தப் பத்தரைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யார்? அவரை மேடையேற்றியிருக்க வேண்டும். மகாராணியை ஏற்றினார்கள். தத்துவம் தோற்றதற்கு எனக்குத் தெரிந்த பெரிய காரணம் இதுதான். நேருவையும் இந்திரா காந்தியையும் அதற்கு அடுத்துத்தான் சொல்வேன்.

குலக்கல்விக்கு வருகிறேன். 1953-இல் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நேரம் படிப்பு, பாதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழில் என்று ஒரு திட்டம். பள்ளிக்கட்டடமும் ஆசிரியரும் போதவில்லை, ஆகவே இரண்டு ஷிப்டு வைத்து அதிகம் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அவர் சொன்ன காரணம். பெரியார், அண்ணா, காங்கிரசுக்குள்ளேயே பலர் எதிர்த்தார்கள். 1954-இல் அவர் பதவி விலக, காமராசர் வந்து திட்டத்தை எடுத்தார். எடுத்தது சரி. இதைச் சொல்வதற்கு நான் ராஜாஜியின் எதிரியாக இருக்க வேண்டியதில்லை, அவர் தத்துவத்தையே அளவுகோலாக வைத்துச் சொல்கிறேன். யார் சிமென்ட் செய்யலாம் என்று டெல்லி ஒதுக்கித் தரக்கூடாது என்றால், யார் செருப்புத் தைக்கலாம் என்று பிறப்பும் ஒதுக்கித் தரக்கூடாது. சாதிதான் இந்த நாட்டின் மிகப் பழைய லைசென்ஸ் முறை. அதை ராஜாஜி பார்க்க மறுத்தார். இந்தியாவில் சுதந்திரச் சந்தை பேசுகிற பலர் இன்றைக்கும் பார்க்க மறுக்கிறார்கள். பள்ளிக்கூடமும் சத்துணவும் இட ஒதுக்கீடும் இல்லாமல் கடைத்தெருவுக்கு வரவே முடியாதவர்களிடம் போட்டி போடு என்பது பேச்சாகாது. தமிழ்நாடு தொழிலில் வளர்ந்ததற்குக் காமராசர் திறந்த பள்ளிகளுக்கு இருக்கும் பங்கை எந்தப் பொருளாதாரவாதியும் மறுக்க முடியாது.

1967-இல் திமுகவோடு அவர் கூட்டணி வைத்ததைச் சந்தர்ப்பவாதம் என்பார்கள். ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று அண்ணா மேடையில் பேச, அரிசிக் கட்டுப்பாட்டை எடுத்த ராஜாஜி அதே பக்கத்தில் நின்றார். ஒரே கட்சி இருபது ஆண்டு ஆண்டதே எல்லாப் பர்மிட்டுக்கும் வேர் என்று அவர் நினைத்தார், அதை அசைக்க யாரோடும் சேர்ந்திருப்பார். 1971-இல் அதே மனிதர் காமராசரோடு மேடையேறித் திமுகவை எதிர்த்தார். அந்தக் கூட்டணி தோற்றது, சுதந்திரா கட்சி மக்களவையில் 8 இடத்துக்குச் சுருங்கியது. அந்த ஆண்டே தமிழ்நாட்டில் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது. வேண்டாம் என்று தொண்ணூற்றிரண்டு வயதில் அவர் மன்றாடியும் நடக்கவில்லை. 1972 டிசம்பர் 25 அன்று இறந்தார். கட்சி 1974-இல் சரண் சிங்கின் கட்சியில் கரைந்தது.

1991 ஜூலையில் நரசிம்ம ராவும் மன்மோகன் சிங்கும் 18 தொழில்களைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் லைசென்சை எடுத்தபோது, ராஜாஜி முப்பத்திரண்டு ஆண்டுக்கு முன் சொன்னதைத்தான் செய்தார்கள். காங்கிரஸ் அரசே செய்தது. யாரும் அவர் பெயரைச் சொல்லவில்லை, அது பரவாயில்லை. அவர் தத்துவத்தில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் என் வருத்தம். தொழிலுக்குக் கட்டவிழ்த்தார்கள். தொழில்காரனுக்குக் கடமை உண்டு, அரசு எந்த வியாபாரிக்கும் சொந்தக்காரனாக இருக்கக்கூடாது, ஏழையின் பலவீனத்தில் கஜானா நிரம்பக்கூடாது என்ற மறு பாதியை விட்டுவிட்டார்கள்.

தமிழ்நாட்டிலேயே பாருங்கள். 2003-இலிருந்து சில்லறை மதுக்கடைகளை அரசே டாஸ்மாக் மூலம் நடத்துகிறது. மதுவை ஒழிக்க விற்பனை வரி கண்டுபிடித்தவரின் மாநிலத்தில் அரசு ஏகபோக மதுவியாபாரி. அவர் எதிர்த்த இரண்டும், குடியும் அரசு ஏகபோகமும், ஒரே கவுன்டரில் நிற்கின்றன. இன்னொரு பக்கம், இறக்குமதிக்கு வரி போடு, போட்டிக் கம்பெனியை உள்ளே விடாதே என்று டெல்லிக்குப் போய்க் கேட்கிற பெரிய தொழிலதிபர்கள் தங்களைச் சந்தைப் பொருளாதாரத்தின் நண்பர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். பர்மிட்டைத் தேடிப் போகிற வியாபாரி, பர்மிட் கொடுக்கிற அதிகாரியைவிட நல்லவன் இல்லை. இதை நான் வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். சிலர் எழுந்து டீ குடிக்கப் போனார்கள்.

இப்போது சுதந்திரா போல ஒரு கட்சி தொடங்க நினைத்தால் என்ன ஆகும்? 1989-இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் சேர்த்த 29ஏ பிரிவின்படி, தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்யும் எந்தக் கட்சியும் சோஷலிசக் கோட்பாட்டுக்கு விசுவாசமாக இருப்போம் என்று தன் விதிகளில் எழுதித் தர வேண்டும். மகாராஷ்டிரத்தில் சுதந்திரா கட்சியை மீண்டும் பதிவு செய்ய முயன்றவர்கள், மனச்சாட்சிக்கு விரோதமாக அப்படி எழுதித் தர முடியாது என்று தொண்ணூறுகளில் பம்பாய் உயர்நீதிமன்றத்துக்கே போனார்கள். விதி இன்றும் அப்படியே இருக்கிறது. நம்பாதவனும் எழுதிக் கொடுத்துவிட்டுப் பதிவு செய்துகொள்கிறான், நம்பிக்கையில் உறுதியாக நிற்பவனுக்கு மட்டும் பதிவு கிடையாது. சோஷலிசம் வேண்டும் என்பவர் அதைச் சொல்லி ஓட்டுக் கேட்கட்டும், வேண்டாம் என்பவரும் அப்படியே கேட்கட்டும். கட்சி நடத்துவதற்கும் ஒரு பர்மிட்டா? அந்த ஒரு சொல்லை அந்தப் பிரிவிலிருந்து எடுக்க வேண்டும் என்று எங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் எழுதியிருப்பேன்.